வெந்நீர் ஊற்று வயலுக்கு ஆகுமா?

‘‘இமாசலப் பிரதேசத்தில் உள்ள மணிகரண் கிராமத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவாமே... அதுபோன்ற தண்ணீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தலாமா?’’

பதில்: குலு மாவட்டத்தில், பார்வதி ஆற்றங்கரையில் இருக்கிறது மணிகரண். ஆற்றில் ஓடுவது பனி உருகிய குளிர்ந்த நீர். கரையிலோ 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் ஊற்று. அங்குள்ள குருத்வாராவில் அரிசி, பருப்பைப் பாத்திரத்தோடு ஊற்றில் இறக்கியே வேகவைக்கிறார்கள். மழைநீரும் பனிநீரும் பாறை இடுக்குகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் கொதித்து மேலே வருகின்றன.

அப்படி வரும்போது பாறையில் உள்ள உப்புகளையும் கரைத்துக்கொண்டு வரும். அதனால் ஆறவைத்தாலும் அப்படியே பாய்ச்சக் கூடாது. எந்த வெந்நீர் ஊற்றாக இருந்தாலும் மின் கடத்தும் திறன், சோடியம், போரான் அளவுகளை முதலில் பரிசோதிக்க வேண்டும். போரான் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே எலுமிச்சை, பீன்ஸ் போன்ற பயிர்களில் இலை நுனியும் ஓரமும் கருகும்.

ஆனால், சூட்டைப் பயன்படுத்தலாம். வெந்நீரைக் குழாயில் ஓடவிட்டுப் பசுமைக்குடிலைச் சூடாக்கலாம், விளைபொருளை உலர்த்தலாம். மணிகரணில் ஊற்றின் சூட்டைக்கொண்டு 7.5 டன் கொள்ளளவுள்ள குளிர்பதனக் கிடங்கையே சோதனை முறையில் இயக்கியிருக்கிறார்கள். பரிசோதனையில் தேறாத தண்ணீரிலும் சூடு வீணாக வேண்டியதில்லை.