கெல்ட் மக்களுக்குக் கடன்பெருமை எதற்கு?

பண்டைக் கெல்ட் மக்களின் அறிவியல் குறித்துப் பேச்செடுத்தாலே அன்பர் சிலர் நேராக ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குப் போய்விடுகின்றனர். ட்ரூயிட் குருமார் அக்கற்களை நட்டு ஞாயிற்றின் போக்கை அளந்தனராம். இதனை நாம் மறுக்கிறோம். அக்கல்வட்டம் எழுந்தது கி.மு. 3000க்கும் 2000க்கும் இடையில். கெல்ட் என அறியப்படும் பண்பாட்டின் தடயங்களோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி முன்வைத்த ஊகத்தை, 1740இல் வில்லியம் ஸ்டூக்லி நூலாக்கிப் பரப்பினார். இக்கதைக்கு வேர் அவ்வளவே.

எதிரணியினர் செய்வதும் நியாயமன்று. எழுதி வைக்காதவரிடம் என்ன கணிதம் இருந்திருக்கும் என்று அவர்கள் எள்ளுகின்றனர். ட்ரூயிட்கள் விண்மீன்களையும் அவற்றின் இயக்கத்தையும் உலகின் அளவையும் ஆராய்ந்து இளையோர்க்குக் கற்பித்தனர் என்றும், சிலர் இருபது ஆண்டுகள் பயின்றனர் என்றும், அக்கல்வியை எழுத்தில் வைப்பது முறையன்று எனக் கருதினர் என்றும் அவர்களை வென்ற சீசரே குறித்துள்ளார். சீசர் சொல்லை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வெண்கலத்தில் வேறு சான்று உண்டு.

1897இல் பிரான்சின் கொலிஞி என்னும் ஊரில் உடைந்த பலகையொன்று கிடைத்தது. எழுத்து இலத்தீன், மொழி கெல்ட் இனத்தைச் சேர்ந்த கோலியம். கி.பி. 2ஆம் நூற்றாண்டினது என்பர் பெரும்பாலோர். அது ஐந்தாண்டு நாட்காட்டி. மாதங்கள் 62, அவற்றுள் இரண்டு அதிகமாதங்கள். நிலவின் 62 சுற்றுக்கு ஏறத்தாழ 1831 நாட்கள். ஐந்து கதிராண்டுக்கு ஏறத்தாழ 1826 நாட்கள். ஐந்து நாள் மிகை! பிழை என்று நகைக்கலாம். ஆனால் கெல்ட் மக்கள் முப்பதாண்டுச் சுழற்சியொன்றைக் கொண்டிருந்தனர் என்கிறார் பிளினி. முப்பதாண்டில் சேரும் மிகை ஏறத்தாழ ஒரு மாதம். ஓர் அதிகமாதத்தை விட்டுவிட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். அவ்வாறே செய்தனர் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. பலகையில் அதற்கு நேர்ச்சான்று இல்லை. இவ்வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதே ஆய்வுநேர்மை.

நாம் வேண்டுவது இதுதான். பிறர் நட்ட கற்களைக் கடன் வாங்கி ஒரு மக்களை உயர்த்துவோர், அம்மக்கள் தாமே போட்ட கணக்கை யாரும் பாராதபடி செய்துவிடுகின்றனர். வாய்மொழியாக வாழ்ந்த கல்வி, கற்றவரோடு மாண்டது. எஞ்சியது உடைந்த பலகை. அதையாவது பொறுமையாகப் படிப்போம். மறுப்புடையோர் சான்றோடு எழுதுக, விடையிறுக்கக் காத்திருக்கிறோம்.