வானில் எஞ்சின் நின்றுவிட்டால்

வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்தில் தேசிய மாணவர் படையினருக்கென விமான ஓடுபாதை அமைந்தது முதலாக, நம் உடும்பஞ்சோலைப் பகுதிப் பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரே வினாவை எழுப்பி வருகின்றனர். "பிள்ளை விமானப் பிரிவில் சேர விரும்புகிறான், ஆகாயத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் என் செய்வான்?" ஏலத்தோட்டத்தில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைப்போர் இவ்வாறு அஞ்சுவதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆகவே அறிந்த அளவில் விடை கூறுவோம்.

எஞ்சின் நின்ற விமானம் கல்லைப் போல் விழுந்துவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. சிறகடிக்காத பருந்தைப் போல் அது சறுக்கிச் செல்லும். பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 விமானம் 1,000 அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய 2½ கிலோமீட்டர் இவ்வாறு செல்லவல்லது. கிடைக்கும் அவகாசம் ஒன்றரை நிமிடமளவே. அதற்குள் எதனை முதலில் செய்வது என்பதிலேதான் உயிர் இருக்கிறது.

முதற்கண் மூக்கைத் தாழ்த்தி, மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, காற்றை எதிர்நோக்கி இறங்கத் தக்க இடமொன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகே பெட்ரோல் குழாய் திறந்துள்ளதா, கார்புரேட்டரில் பனி உறைந்துள்ளதா என ஆராய்தல். (ஈரக்காற்றில், வெயிற்காலத்தும் அங்கே பனி உறையும்!) வானொலியில் "மேடே" என்று மும்முறை அழைப்பது அதற்கும் பின்னரே. கூக்குரலிடுவதே முதற்செயல் என நினைப்பது மனித இயல்பு. வானிலோ அது பின்வரிசையில் நிற்கிறது.

மேலெழுந்தவுடன் எஞ்சின் நின்றால், புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்ப மனம் துடிக்கும். உயரம் போதாத நிலையில் அவ்வாறு செங்குத்தாகச் சாய்ந்து திரும்பினால் வேகம் குன்றி, இறக்கையைத் தாங்கும் விசை அற்று, விமானம் தலைகுப்புற வீழும். எத்தனையோ பேர் இவ்வாறு மாண்டுள்ளனர். நேர்முன்னே கிடைக்கும் வயலோ கட்டாந்தரையோ மேல்.

2025 நவம்பர் 13 அன்று சேலத்துப் பயிற்சி விமானமொன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே நெடுஞ்சாலையிலேயே இறங்கியதை அன்பர்கள் அறிவர். அதிலிருந்த இருவரும் உயிர் தப்பினர்.

அத்தகைய நேர்சாலை நம் மலையில் ஏது? இப்பால் ஏலக்காடும் பள்ளத்தாக்கும். சமவெளி வேண்டின் கீழே கம்பத்து வயல்களை நாட வேண்டும். தென்மேற்குக் காற்று முகடு தாண்டிக் கிழக்கே சரியும்போது விமானத்தையும் கீழே அழுத்தும். ஆதலின் இங்கே பறப்பவர் உயரத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.

வேண்டாமென்று விலகுவதும் வித்தையே. 2022 ஏப்ரலில் சத்திரத்தில் இறங்க வந்த பயிற்சி விமானம், ஓடுபாதையை அடுத்திருந்த மேட்டின் காரணமாக இறங்காமலே திரும்பிச் சென்றது. கூடியிருந்தோர்க்கு அது ஏமாற்றம். நமக்கோ அந்த விமானியின்மீது மதிப்பு மிகுந்தது. ஜூலை மழையில் ஓடுபாதையின் ஒரு பகுதியும் சரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்றுதான் 'வைரஸ்' என்னும் இருவர் அமரும் சிறு விமானம் (பெயரைக் கேட்டு யாரும் கலங்கவேண்டா!) அங்கே முதன்முதலாகத் தரை தொட்டது.