கூண்டில் நிற்பது கொலையா? கற்பா?

துப்பறியும் கதை என்றதும் முகஞ்சுளிப்போர் நம் தோழர்களிலும் உண்டு. பொழுதைக் கொல்லும் நூல், புகைவண்டிப் பயணத்துக்கான புத்தகம் என்று ஒதுக்கிவிடுவர். ஒதுக்கட்டும்! ஆனால் டாரதி சேயர்ஸ் என்ற ஆங்கில அம்மையார் 1930ஆம் ஆண்டில் எழுதிய 'ஸ்டிராங் பாய்சன்' நாவலைப் படித்துவிட்டு ஒதுக்கட்டும்.

இலண்டன் வழக்குமன்றம். குற்றவாளிக் கூண்டிலே ஹாரியட் வேன் என்னும் பெண் எழுத்தாளர். முன்னாள் காதலன் பிலிப் பாய்ஸை வெள்ளைப் பாஷாணம் கொடுத்துக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் பாஷாணம் வாங்கியது உண்மை. பொய்ப் பெயரில் வாங்கியதும் உண்மை. எழுதிவந்த துப்பறியும் கதைக்காக, நஞ்சு எவ்வளவு எளிதில் கிடைக்கிறது என்று பார்க்கவே வாங்கினேன் என்கிறார். நம்புவாரில்லை. ஏன் நம்பவில்லை? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! அவர் மணம் புரியாமலே பாய்ஸுடன் வாழ்ந்தவர்.

திருமணத்தில் நம்பிக்கையில்லை என்று முழங்கியவன் பாய்ஸ். தயங்கிய ஹாரியட்டை இணங்க வைத்தவனும் அவனே. பின்னர் ஒருநாள், பரீட்சையில் தேறிய மாணவிக்குப் பரிசளிப்பதுபோல், மணந்துகொள்கிறேன் என்று முன்வந்தான். இத்தனை நாளும் என்னைச் சோதனையிலா வைத்திருந்தாய் என்று சினந்து வெளியேறினார் ஹாரியட். தன்மானமுள்ள எவர்க்கும் புரியும் சினம் இது. வழக்குமன்றத்துக்குப் புரியவில்லை! 'கெட்டுப்போனவளுக்கு' மணப்பேறு கிடைத்தால் கைகூப்பி வணங்க வேண்டாமா என்கிறது கனவான்களின் ஒழுக்கம். வயது முதிர்ந்த நீதிபதியும் தம் தொகுப்புரையில் அவர் வாழ்ந்த வாழ்வை ஜூரிகளுக்கு நினைவூட்டத் தவறவில்லை. பாஷாணம் எப்படி உடலுக்குள் போயிற்று என்பதல்ல அங்கே விசாரணை. கற்பு எப்படி வெளியே போயிற்று என்பதே விசாரணை!

ஜூரிகளில் ஒருவர் கிளிம்ப்சன் என்னும் முதிர்கன்னி. கொலை செய்தார் என்பதை ஏற்க மாட்டேன் என்று அசையாமல் இருந்துவிடுகிறார். பெண்கள் ஜூரியில் அமரும் உரிமையை 1919ஆம் ஆண்டுச் சட்டம்தான் இங்கிலாந்தில் வழங்கியது. பெரும்பான்மைத் தீர்ப்புக்கு இடம் வந்ததோ 1967இல். அதுவரை பன்னிருவரும் ஒருமனப்பட வேண்டும். ஆகவே தீர்ப்பில்லை, மறுவிசாரணை!

பார்வையாளராக வந்திருந்த துப்பறிவாளர் பீட்டர் விம்சி, பிரபு குலத்தவர். கூண்டில் நிற்பவர்மீது காதல் கொள்கிறார். குற்றமற்றவர் என்று முடிவு கட்டுகிறார். ஹாலோவே சிறைக்குச் சென்று, முதற் சந்திப்பிலேயே மணந்துகொள்ளக் கேட்கிறார். வாசகர் பலர் உருகுவது இங்கேதான். காதலுள்ளம் உண்மையை அறியுமாம்! நான் உருக மறுக்கிறேன். ஒழுக்கத்தைக் காட்டிக் கொலைகாரி என்பது வெறுப்பின் மூடநம்பிக்கை என்றால், முகத்தைக் கண்டு நிரபராதி என்பது விருப்பின் மூடநம்பிக்கை. அதே 1930இல் நூலாக வெளிவந்த டாஷியல் ஹாமெட்டின் 'மால்ட்டீஸ் ஃபால்கன்' கதையில், துப்பறிவாளன் மயங்கிய மங்கையே கொலைகாரி!

சேயர்ஸ் இதை அறியாதவரல்லர். காதலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல், விம்சியை வேலை வாங்குகிறார். பாஷாணத்தைக் கண்டறிய 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்ட இரசாயனச் சோதனை கதைக்குள் நடக்கிறது. பாய்ஸ் உண்ட ஆம்லெட்டிலேயே பங்குகொண்ட உறவினன், வழக்கறிஞன் அர்குவார்ட், சாகவில்லையே? சிறிது சிறிதாகத் தின்று, உடலை நஞ்சுக்குப் பழக்கியிருந்தான். அவனுடைய நகமும் மயிரும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

இன்னொரு விருந்தும் உண்டு. சொத்துக்குரிய உயிலைத் தேடிச் செல்லும் கிளிம்ப்சன் அம்மையார், ஆவிகளை நம்பும் செவிலி ஒருத்தியிடம் ஆவியை அழைப்பவராக நடிக்கிறார். மேசை எழுகிறது, தட்டும் ஓசை கேட்கிறது! எல்லாம் மறைத்து வைத்த கம்பியும், காலோடு கட்டிய சோப்புப் பெட்டியும் செய்யும் வேலை. எழுதியவரோ நாத்திகர் அல்லர். பாதிரியாரின் மகள், தாந்தேயை மொழிபெயர்த்த கிறித்துவர். ஆயினும் நம் மேடைகளில் பத்துப் பேச்சு செய்வதை அந்த ஓர் அத்தியாயம் செய்கிறது.

விடுதலையான ஹாரியட் விம்சியின் கைப்பிடிக்க ஓடவில்லை. நன்றிக்கடனுக்காக மனைவியாவதா என்று மறுத்தவர், 1935இல் வந்த 'காடி நைட்' நாவலின் இறுதியில்தான், சமமானவராக நின்று இசைகிறார். இதற்காகச் சேயர்ஸுக்கு ஒரு வணக்கம்.

ஆனால் பிரபு எவரும் காதல் கொள்ளாத பெண்ணின் கதி என்ன? விடை கற்பனையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. 1922 அக்டோபரில், இல்ஃபோர்டு தெருவிலே பெர்சி தாம்சன் என்பவரைக் கத்தியால் குத்திக் கொன்றான் பைவாட்டர்ஸ் என்ற இளைஞன். கொல்லப்பட்டவரின் மனைவி எடித், அவனுடைய காதலி. அவளுக்கு ஏதும் தெரியாது என்று அவனே சொன்னான். அவள் எழுதிய காதற் கடிதங்கள் மன்றத்தில் படிக்கப்பட்டன. கணவருக்கு நஞ்சும் கண்ணாடித் தூளும் கொடுத்ததாக அவற்றில் எழுதியிருந்தாள். உடலை ஆய்ந்த ஸ்பில்ஸ்பரியோ அவற்றின் தடயம் எதையும் காணவில்லை. நீதிபதி ஷியர்மன் அக்காதலைப் பற்றித் தம் அருவருப்பை ஜூரிகள்முன் மறைக்கவில்லை. இருவர்க்கும் மரணதண்டனை. 1923 சனவரி 9 காலை ஒன்பது மணிக்கு அவன் பெண்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அதே வேளையில், விம்சி காதல் சொல்லச் சென்றதாகக் கதை கூறும் அதே ஹாலோவே சிறையில், எடித் தாம்சன் தூக்கிலிடப்பட்டார்.