உம்மை இழந்த உரைநடை

“வேளாண் அலுவலர் மற்றும் ஊராட்சித் தலைவரிடம் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும்.” தமிழ்நாட்டு அலுவலக அறிவிப்புகள் பலவும் இன்று இந்நடையிலேயே எழுதப்படுகின்றன. எழுத்தறிந்த உழவர் ஒருவர் இதனைப் படிப்பதாக வைத்துக்கொள்க. ‘வேளாண் அலுவலர்’ என்றவுடன் அவர் அதனை எழுவாயாகக் கொள்கின்றார். அலுவலர் ஏதோ செய்யவிருக்கின்றார் என எதிர்பார்க்கின்றார். ‘மற்றும்’ என்னும் சொல் அவ்வெதிர்பார்ப்பைத் திருத்தவில்லை. ‘தலைவரிடம்’ என்பதை எட்டிய பின்னரே, அங்குள்ள உருபு முதற்பெயர்க்கும் உரியது என்பது தெரிகின்றது. கொண்ட பொருளைக் கைவிட்டு அவர் தொடக்கத்திற்கு மீளவேண்டும். பிழை அவர் படிப்பில் இல்லை. எழுதியவர் நடையில் உள்ளது.

‘வேளாண் அலுவலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும்’ என்று எழுதியிருப்பின் இவ்விடர் ஏது? முதற்பெயரிலேயே உருபு நின்றுவிடுகின்றது. அவ்வுருபின்மேல் நிற்கும் உம்மை, ‘இன்னொன்று பின்னே வருகின்றது’ என முன்கூட்டியே அறிவிக்கின்றது. படிப்பவர் ஓரிடத்தும் தயங்காமல் மேலே செல்கின்றார். நான்கெழுத்துச் சொல்லொன்று செய்யத் தவறியதை ஈரெழுத்து உம்மை செய்து முடிக்கின்றது.

ஆங்கிலத்தில் இத்தொல்லை இல்லாமைக்குக் கரணியம் உண்டு. அம்மொழியில் ‘இடம்’, ‘கு’ முதலிய பொருளைத் தரும் சொல் பெயர்க்கு முன்னே தனித்து நிற்கும். முன்னே ஒருமுறை சொன்னது பின்வரும் பெயர்கள் அனைத்திற்கும் பொதுவாகிவிடும். தமிழிலோ உருபு பெயரின் பின்னே ஒட்டி வருவது. முன்னிற்கும் மொழியின் கட்டுக்கோப்பைப் பின்னொட்டும் மொழிமேல் ஏற்றினால் பொருள் முறிவதில் வியப்பென்ன?

தொல்காப்பியர் சொல்லதிகாரத்துள் இடைச்சொற்கென்றே ஓர் இயல் வகுத்தார். எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினார். ‘மற்று’ என்பதற்கோ வினைமாற்று, அசைநிலை என்னும் இரண்டே கூறினார். பின்வந்த நன்னூலார் பவணந்தியார் ‘பிறிது’ என்னும் பொருளையும் சேர்த்து மூன்றாக்கினார். எண்ணிச் சேர்க்கும் பொருளை இருவருமே அதற்குத் தரவில்லை. ‘மற்றும் பலர் வந்தனர்’ என்பதில் பிறிது என்னும் பொருள் நிற்கின்றது. அது தமிழ் வழக்கே. இரு பெயர்க்கு நடுவே ஆங்கில இணைப்புச் சொல்லின் நிழலாக அதனைச் செருகுவதே வழு.

இணைப்பின் இன்றியமையாமையை இந்நாளைய உளநூலாரும் ஆய்ந்துள்ளனர். அமெரிக்க ஆய்வாளர் மில்லிசும் சசுட்டும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கரணியத்தால் தொடர்புடைய இரு கூற்றுகளை இணைப்புச் சொல்லோடும் அதனை நீக்கியும் படிக்கக் கொடுத்தனர். இணைப்புச் சொல் இருந்தபோது, படித்தவர்கள் வினாக்களுக்கு விரைந்தும் பிழை குறைந்தும் விடையிறுத்தனர். தொடர்பைத் தேடும் உழைப்பை அச்சொல் தான் ஏற்றுக்கொள்கின்றது. மிஞ்சிய ஆற்றலைப் படிப்பவர் பொருளிலே செலுத்துகின்றார்.

இவ்வுண்மையை மறந்ததால் விளைந்த கேட்டுக்கும் அந்நாடே சான்று. சொல்லின் நீளத்தையும் தொடரின் நீளத்தையும் அளந்து எளிமையைக் கணக்கிடும் வாய்பாட்டை உருடால்பு பிளெசு என்பார் 1948-இல் வெளியிட்டார். அத்தகைய வாய்பாடுகளுக்கு அடங்குமாறு பாடங்களின் தொடர்கள் வெட்டப்பட்டன. வெட்டிய இடத்தில் ‘ஏனெனில்’, ‘ஆயினும்’ போன்ற தொடர்புகள் உதிர்ந்தன. கணக்கில் எளிதான பாடம் கற்பவர்க்குக் கடிதாயிற்று என்பதை ஆலிசு தேவிசனும் இராபர்ட்டு காண்டரும் 1982-இல் எடுத்துக்காட்டினர்.

தமிழ்ப் பாடம் எழுதுவோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘மழை பொய்த்தது. ஏரி வறண்டது. உழவர் ஊர்விட்டுப் பெயர்ந்தனர்.’ மூன்று செய்திகளும் தனித்தனியே விளங்குகின்றன. ஒன்றால் ஒன்று நேர்ந்தது என்பதோ சிறுவனின் ஊகத்திற்கு விடப்படுகின்றது. ‘மழை பொய்த்ததால் ஏரி வறள, உழவர் ஊர்விட்டுப் பெயர்ந்தனர்’ என்பதில் ‘ஆல்’ உருபும் ‘வறள’ என்னும் எச்சமும் நிகழ்ச்சிகளைக் கோத்துவிடுகின்றன. ‘மழை பொய்த்தும் ஏரி வறளவில்லை’ என்னும்போதோ, அதே உம்மை எதிர்பார்ப்பையே திருப்பிவிடுகின்றது. முதற்கூற்று முடியும் இடத்திலேயே அடுத்து வருவதன் போக்கைச் சொல்லும் இவ்வாற்றல் தமிழின் உடைமை. அதனைக் கைவிட்டு, ‘ஏரி வறண்டது, ஏனெனில் மழை பொய்த்தது’ என்று ஆங்கில வரிசையை மட்டுமே பயிற்றுவது, வீட்டிலே விளக்கிருக்க அயலார் திண்ணையில் ஒளி தேடுவதாகும்.

இணைப்பு எங்கும் நிறைந்திருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. மெக்னமாரா, கிண்ட்சு முதலியோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டியது. பொருளை முன்பே ஓரளவு அறிந்த மாணவர், இடைவெளி உள்ள பாடத்தைப் படித்தபோது தாமே முயன்று ஆழ்ந்து உணர்ந்தனர். அறியாத மாணவர்க்கோ இணைப்பு நிறைந்த பாடமே உதவியது. தமிழ் மரபு இவ்விரண்டையும் என்றோ உணர்ந்தது. குறள் ஈரடியில் சுருங்கி நின்று கற்றவரை எண்ண வைக்கின்றது. பரிமேலழகர் உரையோ தொக்கு நின்ற உருபுகளை விரித்து, அதிகாரங்களின் இயைபையும் சொல்லிப் புதியவர்க்குப் படியமைக்கின்றது. அலுவலக அறிவிப்பும் சிறுவர் பாடமும் குறள் அல்ல. அவை உரையின் கடமையை உடையவை.

இணைப்புச் சொல்லை வெற்று ஒப்பனையாக்குதலும் குற்றமே. கரணியம் இல்லாத இடத்தில் ‘ஆகவே’யும், புதுச்செய்தி இல்லாத இடத்தில் ‘மேலும்’-உம் இடுவோர், இல்லாத பாதைக்குக் கைகாட்டி நடுகின்றனர். நம்பி நடந்தவன் முட்டி நின்று திரும்புவான்.

இன்று கணினியும் மொழிபெயர்க்கின்றது. பெயர்க்கு இடையில் ‘மற்றும்’ என்பதனையும் அள்ளிக் கொட்டுகின்றது. அதனைத் திருத்தாமலே அச்சேற்றுவோர், தம் உழைப்பைக் குறைத்துப் படிப்பவர் தலையில் அதனைப் பன்மடங்காக்கி ஏற்றுகின்றனர். ஓர் அறிவிப்பை எழுதுபவர் ஒருவர், படிப்பவர் பல்லாயிரவர். எவர் சுமப்பது அறம்?

தமிழாசிரியர்கள் இடையியலை மனப்பாட நூற்பாவாக மட்டும் நிறுத்தாமல், நாளிதழ்ச் செய்தியையும் அரசாணையையும் வகுப்பில் வைத்து, ‘இங்கே எந்த உம்மை விடுபட்டது?’ என்று கேட்பார்களாக. எழுத்தாளரும் அலுவலரும் ‘மற்றும்’ எழுதக் கை நீளுந்தோறும் ஒரு நொடி நிறுத்தி, இருபுறத்துப் பெயர்க்கும் உம்மை கொடுத்துப் பார்ப்பார்களாக. செலவு இரண்டெழுத்து. அவ்விரண்டெழுத்தால் உழவர் தம் விண்ணப்பத்தை உரிய இடங்களில் சேர்ப்பார். சிறுவன் தன் பாடத்தின் பொருளை உணர்வான்.