முழங்கால் வலிக்கு மாத்திரை மட்டும் போதுமா?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி, 2019இல் உலகில் சுமார் 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்வுடன் வாழ்ந்தனர். அதிகம் பாதிக்கப்படுவது முழங்காலே. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களுக்கு இது வெறும் புள்ளிவிபரம் அன்று. கரைவலை இழுப்போரும் மூட்டை சுமப்போரும் வயலில் நாற்று நடுவோரும் கால்களை நம்பியே உழைக்கின்றனர்.

வலி கண்டதும் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தொழிலுக்குச் செல்வது பலரின் வழமை. ஆனால், முழங்காலில் உணரப்படும் வலியின் மூலம் இடுப்பு மூட்டிலோ முள்ளந்தண்டிலோ இருக்கலாம். நடை, மூட்டசைவு, தசைவலு என்பவற்றைப் பரிசோதித்தே இயன்மருத்துவர் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றார். முழங்கால் தேய்வுக்குத் தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்று. எனினும், அதன் பயன் ஒரே நாளில் கிட்டுவதன்று; பல வாரங்கள் தொடரவேண்டும்.

சிக்கல் இங்கேதான் எழுகின்றது. வெருகலில் இருந்து திருகோணமலை நகருக்குச் சிகிச்சைக்காக வரும் கூலித் தொழிலாளி, ஒவ்வொரு தடவையும் அன்றைய வருமானத்தை இழக்கின்றார். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் பயணத்தை இலகுவாக்கியது, கூலியிழப்பை நீக்கவில்லை. ஆகவே, மூதூர், கிண்ணியா வைத்தியசாலைகளில் இச்சேவை வலுப்பெறவேண்டும். கிராமங்களுக்கு நடமாடும் சேவையாகச் சென்று, வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளையும் கற்பிக்கவேண்டும். உழைப்பவரின் கால் ஓய்ந்தால் வீட்டின் அடுப்பும் அணையும் என்பதை மாகாண சுகாதாரத் துறையினர் கருத்திற் கொள்வார்களாக.