பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நம்பாதீர்கள்!

"அப்பா ஓட்டிய வோல்வோ 144-இன் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். கேம்ஷாஃப்ட் பற்சக்கரத்தில் ஒரு பல்கூட உடையவில்லை. 'நல்லாத்தானே இருக்கு, இதையே மாட்டிடலாம்' என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?" இந்த வாரம் ஒரு வாசகரின் கேள்வி இது.

வேண்டாம். புதியது போடுங்கள்.

மலேசியர்களுக்கு வோல்வோ மீது தனிப் பாசம் உண்டு. 1967-இல் ஷா ஆலாம், பத்து தீகாவில் தொடங்கிய வோல்வோ ஆலைதான் நாட்டின் முதல் கார் பொருத்தும் ஆலை. அந்தக் காலத்து பி18, பி20 எஞ்சின்கள் யானை மாதிரி. அமெரிக்கர் இர்வ் கோர்டன் 1966-ஆம் ஆண்டு வோல்வோ பி1800 ஒன்றை 30 லட்சம் மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அப்படிப்பட்ட எஞ்சினுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதுதான் இந்தப் பற்சக்கரம்.

இதில் செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கிராங்க்ஷாஃப்ட்டில் உள்ள சிறிய எஃகுச் சக்கரம், இரண்டு மடங்கு பற்கள் கொண்ட கேம்ஷாஃப்ட் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது. சத்தம் குறைய வேண்டும் என்பதற்காகப் பெரிய சக்கரத்தின் பற்களை ஃபைபரில் செய்தார்கள். ஃபைபர் என்றால் பிசினில் ஊறிய துணியை இறுக்கி அழுத்திய பொருள். இது ஓடித் தேய்வதைவிட, சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து வயதாகி நொறுங்குவதுதான் அதிகம். அதனால் மீட்டரில் மைல் குறைவு என்று ஆறுதல் அடைய முடியாது. கண்ணால் பார்த்தும் தெரியாது.

பல் போனால் என்ன ஆகும்? டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப், ஆயில் பம்ப் மூன்றுக்கும் கேம்ஷாஃப்ட்தான் உயிர். ஃபெடரல் நெடுஞ்சாலை நடுவில் கார் சட்டென்று அணைந்துவிடும். ஸ்டார்ட்டர் மட்டும் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உள்ளே ரோட்டர் அசையவில்லை என்றால் கதை முடிந்தது. உடைந்த தூள் ஆயில் சம்ப்புக்குள் இறங்கி வடிகட்டியை அடைக்கும். ஆகவே சம்ப்பையும் கழற்றிக் கழுவ வேண்டும். செலவு அங்கே ஏறும். எஞ்சின் பிரிந்து கிடக்கும்போது மாற்றினால் கூடுதல் கூலி ஏதும் பெரிதாக இல்லை.

மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். பழையதைக் கழற்ற புல்லர் வேண்டும், நெம்பக் கூடாது. புதியதை நட்டை இறுக்கி இழுத்தே ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் கேம்ஷாஃப்ட் பின்னால் நகர்ந்து, பிளாக்கின் பின்புற மூடி கழன்று எண்ணெய் ஒழுகும். இரண்டு சக்கரங்களின் புள்ளிக் குறிகளும் நேருக்கு நேர் வர வேண்டும். சக்கரங்களுக்கு எண்ணெய் பீய்ச்சும் குட்டிக் குழாய் ஒன்று பிளாக்கின் முன்புறம் இருக்கும். பலர் அதை மறந்துவிடுவார்கள். அது அடைத்திருந்தால் புதுச் சக்கரமும் நிலைக்காது.

எஃகுச் சக்கரமும் கிடைக்கிறது. வலுவானதுதான், ஆனால் சிறியதையும் சேர்த்து ஜோடியாக மாற்ற வேண்டும். ஓடும்போது 'ங்ஙீ' என்று ஓர் இரைச்சலும் வரும். பந்தயக்காரர்களுக்கு அது சங்கீதம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் காருக்குப் புதிய ஃபைபரே போதும் என்பேன். வாங்கும்போது கடை அலமாரியில் பல வருடம் தூங்கிய பழைய சரக்கா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.