தாள் இல்லையென்றால் உரிமை இல்லையா?

“மாவோரிகளிடம் உடன்படிக்கை இருக்கிறது, ஜவ்வாது மலைக்காரர்களிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். 1840இல் நியூசிலாந்தின் வைத்தாங்கியில் ஆங்கிலேயருடன் கையெழுத்திட்ட பிறகும் மாவோரிகளின் நிலம் பறிபோனதே, அந்தத் தாள் காப்பாற்றியதா?

தாள் இல்லாத நம் நீலகிரியிலோ, ஆங்கிலேய கலெக்டர் சல்லிவன் தோடர் பழங்குடியினருக்கு விலை கொடுத்து நிலம் வாங்கினார். உடைமை இல்லாதவரிடம் யார் விலை பேசுவார்கள்? பின்னர் வந்த 1882 மதராஸ் வனச் சட்டம் பேரம் பேசவில்லை, கெடு வைத்தது. அதற்குள் உரிமை கோராதவர் உரிமை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாத மலைவாசிக்கு அரசிதழ் அறிவிப்பு எட்டியிருக்குமா?

இதை ‘வரலாற்று அநீதி’ என்று 2006 வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் அச்சட்டத்தின் விதிகளின்படி சான்றுதான். கிராம சபையில் தொடங்கும் மனுவுக்கு இறுதி முடிவு சொல்வது ஆட்சியர் தலைமையிலான குழு. ஜவ்வாது மலை உள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. தாள் எங்கே என்ற கேள்வியை மலையிடம் அல்ல, அங்கே போய்க் கேளுங்கள்.